கசப்பு மரங்களின் ஞானத்தகப்பன்

தோன் வென்சே எங்கள் சான் ப்ளாஸ் ஊரை விட்டுக் கிளம்பிய செவ்வாய்க்கிழமை, அவர் பெயர் வைத்த செடிகொடிகளெல்லாம் வேரை உருவிக்கொண்டு அவர் பின்னாலேயே நடந்துபோயின. சந்தை நாள் என்பதால் பார்த்தவர்களுக்குக் குறைவில்லை. முதலில் பெரணிகள் போயின, ஈர மண்ணை வழியெல்லாம் உதறிக்கொண்டு. மரக்கிளைகளில் தொற்றிக்கொண்டிருந்த ஆர்க்கிட் பூக்கள் இறங்கிவந்து கோவேறு கழுதைகளின் வாலைப் பிடித்துக்கொண்டன. கோயில் சுவரில் படர்ந்திருந்த அவரைக்கொடி தன்னைச் சுருட்டிக்கொண்டு உருண்டது. எல்லாவற்றுக்கும் கடைசியாக, தோமித்திலா குவாமானின் மலைச்சரிவிலிருந்த காய்ச்சல் பட்டை மரங்கள், தலையில் சுமையோடு இறங்கும் பெண்களைப் போல ஒன்றன்பின் ஒன்றாக நிதானமாக வந்தன. உருளைக்கிழங்கு விற்றவர்கள் கூடைகளை நகர்த்தி வழிவிட்டார்கள். நசுங்கிப்போன கூடைகளுக்காக இன்றைக்கும் முணுமுணுக்கிற குடும்பங்கள் ஊரில் இருக்கின்றன.

அவருடைய முழுப்பெயர் வென்சல் ஹோரக். பொஹீமியா என்ற குளிர் நாட்டில் பிறந்தவர். அந்தப் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை, தோன் வென்சே என்று சுருக்கிக்கொண்டோம். துறைமுகத்திலிருந்து அவரை மலையேற்றிக் கூட்டிவந்த கோவேறு கழுதைக்காரன் செராப்பியோ, "இவரு செடி தேடி வந்திருக்காரு" என்று சொன்னபோது ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. இங்கே செடியைத் தவிர வேறென்ன இருக்கிறது? அதற்காக ஒருவன் கடல் தாண்டி வருவானா? தங்கத்துக்குத்தான் வந்திருப்பான் என்று முடிவுகட்டி, அவர் குனிந்த இடத்தையெல்லாம் அவர் போன பிறகு தோண்டிப் பார்த்தவர்கள் உண்டு. கிடைத்தது கிழங்குதான், அதை வேகவைத்துச் சாப்பிட்டார்கள். அவரோ நாள் முழுக்க மூடுபனியில் அலைவார். பறித்துவந்த செடிகளை முரட்டுத் தாள்களுக்கு நடுவில் விரித்து, பலகை வைத்து, வாரால் இறுக்கிக் கட்டுவார். எங்கள் ஊர் ஈரத்தில் தாள் காயவே காயாது. தினமும் தாளை மாற்றி, ஈரத்தாள்களை அடுப்பு மேல் உலர்த்துவார். மழை விடாத வாரங்களில் அந்தக் கட்டுகளைத் தன் கம்பளிக்குள் வைத்துக்கொண்டு தூங்கினார். பெண்டாட்டி இல்லாத குறை என்று ஊரில் கேலி பேசினார்கள்.

அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. பூவைப் பார்க்காமல் எந்தச் செடிக்கும் பெயர் வைக்கமாட்டார். பூ வருகிற வழியில் வாடிவிட்டால் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி அதில் முக்கி உயிர்ப்பிப்பார். பிறகு கண்ணாடி வில்லையால் அதன் இதழையும் தாதையும் ஆராய்ந்துவிட்டு, இதுவரை யாரும் எழுதாத செடி என்று தெரிந்தால், எழுந்து நின்று, லத்தீனில் அதன் பெயரை உரக்கச் சொல்வார். தண்ணீர், லத்தீன், பெயர். இது என்ன சடங்கு என்று எங்கள் ஊரில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். செய்தி அன்செல்மோ சாமியாரிடம் போனது. அவர் தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார். சாகக் கிடக்கும் உயிருக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது திருச்சபையின் சட்டம். பறித்த பூ சாகத்தான் கிடக்கிறது. ஆகவே செல்லாது என்று சொல்லத் தன்னால் முடியாது என்றார். அதோடு தோன் வென்சே அந்தச் செடிகளுக்கு ஞானத்தகப்பன் ஆனார். செடி யாருடைய நிலத்தில் முளைத்ததோ அவர்கள் அதைப் பெற்றவர்கள். பெற்றவரும் ஞானத்தகப்பனும் ஒருவரையொருவர் கொம்பாத்ரே என்று கூப்பிடுவது வழக்கம், பெண்ணாக இருந்தால் கொமாத்ரே. சில வருடங்களில் தோன் வென்சே பாதி ஊருக்குக் கொம்பாத்ரே ஆகிவிட்டார். எந்த வாசலைத் தாண்டினாலும் ஒரு கிண்ணம் சூப்பும் அவித்த சோளமும் கட்டாயம். ஒல்லியாக வந்த மனிதர் பெல்ட்டில் புது ஓட்டைகள் போட்டுக்கொண்டார்.

உறவு என்றால் கடமையும் உண்டு. கல்லறைத் திருநாளில் ஞானத்தகப்பன் தன் பிள்ளைகளுக்கு ரொட்டிப் பொம்மை கொடுக்கவேண்டும், மாவில் கண்ணும் மூக்கும் வைத்துச் சுட்டது. தோன் வென்சே முதல் வருடம் சிரித்துக்கொண்டே செடிகளின் வேரடியில் பொம்மைகளைப் புதைத்தார். அடுத்த வருடம் சிரிக்கவில்லை, ஏனென்றால் செடிகள் நிஜமாகவே பெயருக்கு ஏற்ற மாதிரி நடக்க ஆரம்பித்திருந்தன. பழைய பேராசிரியரின் பெயரைக் கொண்ட லில்லி, சரியாகப் பூசை மணிக்கு விரிந்து அடுத்த மணிக்கு மூடியது, வாசனை மட்டும் துளியும் கிடையாது. உதவி செய்கிறேன் என்று வாக்குக் கொடுத்துக் கைவிட்ட பிரபுவின் பெயரை வைத்த மரம் ஆடம்பரமாகப் பூத்தது, ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. அவருடைய அக்கா லுத்மிலாவின் பெயரை வாங்கிய அவரைக்கொடி எந்த வீட்டில் சண்டை நடந்தாலும் அந்த ஜன்னல் பக்கமாகத் தலையை நீட்டியது. "எங்க அக்காவேதான்" என்றார் தோன் வென்சே, கொஞ்சம் பயத்துடன்.

இனி தோமித்திலாவைப் பற்றி. புருஷனைப் பட்டை மரம் கொன்றுவிட்டது. எங்கள் ஊர் ஆண்கள் மரத்தை வெட்டிச் சாய்த்துத்தான் பட்டையை உரிப்பார்கள், அப்படிச் சாய்த்த ஒன்று அவன்மேலேயே விழுந்தது. அதற்குப் பிறகு தோமித்திலா தன் சரிவில் கோடரியை அனுமதிக்கவில்லை. நிற்கிற மரத்தில் ஒரு பக்கம் மட்டும் பட்டை எடுத்து, புண் ஆறியபின் மறுபக்கம் எடுப்பாள். மற்றவர்களின் மலைகள் மொட்டையாகிப்போக, அவளுடைய மரங்கள்தான் மிஞ்சின. கீழ்ப் பள்ளத்தாக்கில் கரும்பு வெட்டுகிறவர்களுக்குக் குளிர்காய்ச்சல் வந்தால் நாக்கைச் சுருட்டும் கசப்புள்ள அவளுடைய பட்டைப்பொடிதான் மருந்து. தோன் வென்சே முதல்முறை அந்தச் சரிவுக்கு ஏறியபோது அவள் அரிவாளோடு எதிரில் வந்தாள். பட்டைத் திருடன் இல்லை, பூப் பார்க்க வந்தவன் என்று அவர் சொன்னார். "பூவா? அது பூக்குறப்ப வாங்க. இப்ப கெளம்புங்க" என்றாள். அவர் பூக்கிற காலத்தில் வந்தார். அந்த வருடம் உறைபனி மொட்டுகளைக் கருக்கிவிட்டது. அடுத்த வருடமும் வந்தார். காத்திருக்கிற நேரத்தில் அவள் காப்பி கொடுத்தாள், எதிர்வீட்டில் குடியிருந்த அவர் அவளுடைய வேலியைச் சரிசெய்தார், தப்பும் தவறுமான ஸ்பானிய மொழியில் தன் ஊர்ப் பிளம் கொழுக்கட்டைகளைப் பற்றிப் பேசினார். அவள் தலைமுடியை வேறு மாதிரி பின்ன ஆரம்பித்ததை ஊர் கவனித்தது. ஊர் எதைத்தான் கவனிக்காமல் விட்டது?

மூன்றாம் வருடம் மரங்கள் பூத்தன, இளஞ்சிவப்பில், குழந்தையின் கழுத்தடி வாசனையோடு. உலகத்தில் யாரும் எழுதாத இனம் அது. தோன் வென்சேவுடைய தொழிலில் ஒரு பெண்ணுக்குச் செய்யக்கூடிய ஆகப்பெரிய மரியாதை, ஒரு செடிக்கு அவள் பெயரை வைப்பது. மோதிரத்தைவிட அது பெரிது என்று அவர் நினைத்தார். பெயரை வைத்துவிட்டு, அந்தக் கையோடு கல்யாணப் பேச்சை எடுக்கலாம் என்று திட்டம். நல்ல சட்டை போட்டுக்கொண்டு, ஊர்த் திருவிழா அன்று, எல்லாரும் பார்க்க, அவள் முற்றத்தில் பூவைத் தண்ணீரில் முக்கி, தோமித்திலாவின் பெயரை லத்தீனாக்கி உரக்கச் சொன்னார். கைதட்டல் வரவில்லை. தோமித்திலா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"உங்களுக்குப் புத்தி கித்தி இருக்கா?" என்று கேட்டாள். "என்கிட்ட ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா? இனி நீங்க எனக்குக் கொம்பாத்ரே. கொம்பாத்ரேயும் கொமாத்ரேயும் கல்யாணம் கட்டிக்க முடியுமா? அண்ணன் தங்கச்சி கட்டிக்கிற மாதிரி அது!"

இதை யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. தண்ணீர் நனைக்கும் என்று யாராவது யாரிடமாவது சொல்வார்களா? அதுவரை அவர் கொமாத்ரே ஆக்கியவர்களெல்லாம் புருஷன் உள்ளவர்கள், பல் போனவர்கள். அன்செல்மோ சாமியாரிடம் ஓடினார். இந்த உறவு ரத்த உறவுக்குச் சமம், ஊற்றிய தண்ணீரைத் துடைத்து எடுக்க முடியாது என்றார் சாமியார். தன் தொழிலிலும் அப்படித்தான், ஒருமுறை வைத்த பெயரை வைத்தவனே திரும்பப் பெற முடியாது என்பதை நினைத்து தோன் வென்சே தலையில் கைவைத்துக்கொண்டார். மரங்களோ அன்றிலிருந்து தோமித்திலாவின் குணத்துக்கு வந்துவிட்டன. அவள் யார்மேல் கோபமாக இருந்தாளோ அவர் தலையில் சுள்ளி விழுந்தது. பல மாதங்கள் தோன் வென்சே அந்தச் சரிவில் தொப்பி இல்லாமல் நடமாட முடியவில்லை. கடைசியில் அவருக்கு மனம் விட்டுப்போனது. எதிர்வீட்டில் அவள் இருக்க, நான் இந்த ஊரில் இருந்து என்ன செய்ய, சொந்த நாட்டுக்குப் போய், செடிகளைப் பற்றி எழுதிய புத்தகத்தையாவது அச்சில் பார்க்கிறேன் என்று கட்டுகளை ஏற்றினார். அந்தச் செவ்வாய்க்கிழமை அப்படித்தான் வந்தது.

ஊர் எல்லையைத் தாண்டும்வரை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆற்றங்கரையில் செராப்பியோ, "தோன் வென்சே, நமக்குப் பின்னால ஒரு காடே வருது" என்று சொன்ன பிறகுதான் பார்த்தார். வேண்டாம், போங்கள் என்று கையை ஆட்டினார். செடிகள் நின்றன, அவர் ஓரடி வைத்ததும் அவையும் ஓரடி வைத்தன. ஞானப்பிள்ளைகள் அப்படித்தான் பழக்கப்பட்டிருந்தன. அதற்குள் தோமித்திலா சேணம் போடாத கழுதைமேல் குறுக்குப் பாதையில் வந்துசேர்ந்தாள்.

"போறவரு போங்க கொம்பாத்ரே, நான் தடுக்கல. பிள்ளைங்கள எங்க கூட்டிட்டுப் போறீங்க?"

"நான் கூப்பிடல, தோமித்திலா. சத்தியமா கூப்பிடல."

"கூப்பிட்டாத்தானா? அதுங்க இலையப் பாருங்க."

பார்த்தார். அங்கேயே, மூடுபனி முடிகிற அந்த ஆற்றங்கரையிலேயே, பட்டை மரங்களின் இலைகள் ஓரம் சுருண்டு துவண்டிருந்தன. மூடுபனி இல்லாத இடத்தில் அந்த இனம் பிழைக்காது என்று தன் கையாலேயே எழுதி வைத்தவர் அவர். துறைமுகத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் விறகாகிவிடும். அவளுடைய சோறு போய்விடும், பள்ளத்தாக்கின் மருந்தும் போய்விடும். ஒரு கல்மேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். பிறகு செடிக்கட்டுகளைச் செராப்பியோவிடம் ஒப்படைத்துக் கப்பலில் ஏற்றிவிடச் சொல்லிவிட்டு, மூட்டையைத் தானே தோளில் போட்டுக்கொண்டு மலையேறினார். செடிகளும் திரும்பின. ஆனால் அவசரத்தில் பாதிப் பெரணிகள் வேறு வீட்டு நிலத்தில் வேர்விட்டுவிட்டன, யார் யாருக்குப் பெற்றவர் என்ற வழக்கை நீதிபதி மூன்று மழைக்காலம் விசாரித்தார். கட்டுகள் ஐரோப்பா போய்ச் சேர்ந்தன. அதற்குள் அங்கே வேறொருவர் அதே மரத்தை எங்கிருந்தோ ஒரு காய்ந்த கிளையாகப் பெற்று, ஒரு மந்திரியின் பெயரில் அச்சிட்டுவிட்டார். அந்தச் செய்தி வந்த அன்று தோன் வென்சே சரிவுக்குப் போய், மந்திரியின் பெயரைச் சொல்லி மரங்களைக் கூப்பிட்டுப் பார்த்தார். ஒரு இலைகூட அசையவில்லை. அவருக்கு அதில் சந்தோஷம்தான், மறைப்பானேன்.

இருவருக்கும் ஒரே ஒரு வழி மிச்சமிருந்தது. பிஷப் நினைத்தால் தடையை நீக்கலாம். ஆனால் பிஷப் எங்கள் மலைக்கு வருவது வால்நட்சத்திரம் வருகிற மாதிரி. வந்தார், சில வருடங்கள் கழித்து, இடுப்புவலியோடு. அன்செல்மோ சாமியார் விஷயத்தை விளக்கினார். பிஷப் கேட்டுக்கொண்டே போய், "மரத்துக்கு ஞானஸ்நானம் செல்லும்னா, மரத்துக்கு ஆத்துமா இருக்குன்னு ஆகுது. அப்ப நான் இப்ப எதும்மேல உக்காந்திருக்கேன்?" என்று தன் நாற்காலியைத் தட்டினார். அங்கேயே தீர்ப்புச் சொன்னார். அது ஞானஸ்நானம் இல்லை, மரங்கள் யாருக்கும் பிள்ளைகள் இல்லை, தோன் வென்சே யாருக்கும் ஞானத்தகப்பன் இல்லை, அந்த விதவையை அவர் தாராளமாகக் கட்டிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை பூசையில் அதைச் சாமியார் எல்லாருக்கும் கேட்கும்படி அறிவித்தார். கல்யாணத்துக்கு நாள் குறித்தார்கள். ஊர் மொத்தமும் கல்யாண விருந்துக்காக வீட்டில் வளர்க்கிற சீமை எலிகளைக் கொழுக்கவைக்க ஆரம்பித்தது. தோமித்திலா வெள்ளைப் பாவாடைக்குப் பூவேலை செய்தாள், பாடிக்கொண்டே. அவள் பாடுவாள் என்பதே அதுவரை எங்களுக்குத் தெரியாது.

கல்யாணத்துக்கு முந்தைய நாள், ரொட்டிக்காரன் மாவு பிசைந்துகொண்டிருந்தபோது, கீழ்ப் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு கரும்பு வெட்டுகிறவனின் மனைவி ஏறி வந்தாள். மூச்சிரைத்தது. கையில் பட்டைப்பொடிப் பொட்டலம்.

"தாயி, கோவிச்சுக்காதீங்க. இந்தப் பொடி இனிக்குது" என்றாள். "எம் புருஷன் விடாம குடிக்கிறாரு, குளிர் நிக்கவே இல்ல. எங்க வரிசையில எல்லா வீட்லயும் இதே கதை."

தோன் வென்சே பொட்டலத்தைப் பிரித்து நாக்கில் தொட்டுவைத்தார். கரும்புச்சாறு மாதிரி இருந்தது. இதற்குள் கூடிவிட்ட கூட்டம் ஆளுக்கொரு சிட்டிகை எடுத்துப் பார்த்தது, இனிக்கிறது என்று தலையாட்டியது. தோமித்திலா மட்டும் எடுக்கவில்லை. பூவேலைப் பாவாடையைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி நின்றாள்.

"எப்பலேர்ந்து?" என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

"பூசையில அறிவிச்சாங்கல்ல, மறுநா திங்கக்கிழமையே தெரியும். மென்னு பார்த்தேன், இனிச்சுது. யார்கிட்டயும் சொல்லல. எனக்குக் கல்யாணம் வேணும்னு தோணிச்சு. அவ்வளவுதான். எனக்கும் ஆசை இருக்காதா?"

யாரும் அவளைத் திட்டவில்லை. பள்ளத்தாக்கிலிருந்து வந்த பெண்கூடத் திட்டவில்லை, பக்கத்தில் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளைகள் இல்லை என்று ஊரறியச் சொன்னால் எந்தப் பிள்ளை தன் வேலையைச் செய்யும்? அது எல்லாருக்கும் புரிந்தது, பிஷப்பைத் தவிர, அவர் ஏற்கெனவே மலையிறங்கிப் போயிருந்தார். தோன் வென்சே தோமித்திலாவைப் பார்த்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பிள்ளைங்ககிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க. என் வாயால வராது" என்றாள்.

அவர் ரொட்டிக்காரனிடம் போனார். கல்யாண மாவை அப்படியே பொம்மைகளாகப் பிடிக்கச் சொன்னார். கண், மூக்கு, கையில் சின்னக் குழந்தை, எல்லாம் வைத்து. கூடை நிறைய எடுத்துக்கொண்டு சரிவுக்கு ஏறினார், ஊர் பின்னால் போனது. ஒவ்வொரு மரத்தடியிலும் மண்டியிட்டு, ஒரு பொம்மையைப் புதைத்து, தண்ணீர் தெளித்து, "நான் உன் ஞானத்தகப்பன், உன்னைப் பெத்தவ எனக்குக் கொமாத்ரே" என்று ஊர் கேட்கச் சொன்னார். முதல் மரத்தில் குரல் நடுங்கியது, போகப்போகத் தெளிந்தது. கடைசி மரத்தில் சொல்லி முடித்ததும் தோமித்திலா அரிவாளால் ஒரு துண்டு சீவி வாயில் போட்டாள். முகம் கோணிப்போய்த் துப்பினாள். பள்ளத்தாக்குப் பெண் அந்த இடத்திலேயே புதுப் பட்டையை மூட்டை கட்டிக்கொண்டு இறங்க ஆரம்பித்தாள், அவளுக்கு அவசரம். பிஷப்பின் தீர்ப்பை அன்செல்மோ சாமியார் அதற்குப் பிறகு எடுத்துப் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கொழுத்த சீமை எலிகளை என்ன செய்வதென்று தெரியாமல் ஊர் அன்றைக்கே பொரித்துத் தின்றது.

தோன் வென்சே எங்கும் போகவில்லை. தலை முழுக்க நரைக்கும்வரை எதிர்வீட்டில் இருந்தார், செடி பறித்தார், தாள் மாற்றினார், பூப் பார்த்தார், ஆனால் புதிதாக எதற்கும் பெயர் வைக்கவில்லை. கேட்டால், பெற்றவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்பார். கொம்பாத்ரே வந்தால் சாப்பாடு போடாமல் அனுப்பக்கூடாது என்பது வழக்கம், அதில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆகவே ஒவ்வொரு சாயங்காலமும் அவர் தெருவைக் கடந்துபோய்த் தோமித்திலாவின் மேசையில் உட்காருவார். அவள் சூப்பை ஊற்றி வைத்துவிட்டு, அன்று உரித்த பட்டையில் ஒரு துணுக்கைக் கிள்ளி வாயில் போடுவாள். அவர் கரண்டியைக் கையில் பிடித்தபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"கசக்குதா, கொமாத்ரே?"

"கசக்குது, கொம்பாத்ரே. சாப்பிடுங்க, ஆறிடும்."